நாலாவது பெடல்

கோலார் தங்கவயலில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்க ஊருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். முனுசாமிக்கு அந்த நேரம்கூடத் தேவைப்படவில்லை. மெட்ராஸ் பக்கத்து ரேஸ் ட்ராக்கிலிருந்து அவருடைய பழைய ஃபியட் மூன்றாவது வருஷமாகப் பாதி ரேஸில் முன்சக்கரம் புகைந்து லாரியில் ஏறித் திரும்பி வந்தது. அந்த லாரி ராபர்ட்சன்பேட் மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் அவர் 'புகை முனுசாமி' ஆகிவிட்டிருந்தார்.

வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். முனுசாமியின் சம்பளமே பிரேக்கில்தான் வந்தது. மண் வாரும் ராட்சத வண்டிகள் செய்கிற பெரிய ஃபாக்டரியில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். வீட்டை விடப் பெரிய டம்பர் லாரிகளின் பிரேக்குகளைச் சோதித்து, சரியாக இருந்தால் தன் எஃகு முத்திரையைச் சுத்தியால் ஒரு தட்டு தட்டிப் பதிப்பார். அந்த முத்திரை விழாமல் ஒரு பிரேக்கும் வெளியே போகாது. அப்படிப்பட்டவர் சொந்தக் கைகளால் செய்த பிரேக் மட்டும் மூன்று வருஷமாக ரேஸின் கடைசிச் சுற்றைப் பார்த்ததில்லை. கேன்டீனில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேஜையில் யாராவது மூக்கை உறிஞ்சி, "இன்னாப்பா, கருகற வாசனை அடிக்குது?" என்பார்கள். சாம்பாரைச் சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

காரை ஓட்டுகிறவர் சாம்ராஜ். ஊரிகம் லைன் வீட்டுக்காரர். நந்திதுர்க் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் டிரைவர். ஆட்களை ஏற்றிய இரும்புக் கூண்டைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற பெரிய யந்திரத்தை ஓட்டுகிற வேலை. அந்த வேலைக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. சாம்ராஜ் கடைவீதியில் நடந்தால் சுரங்கத்து ஆட்கள் பீடியை மறைப்பார்கள். அவர் ஷிப்டில் கூண்டு தரையில் உட்காருவது தெரியவே தெரியாது, கையில் டீ டம்ளரோடு இறங்கினாலும் ஒரு சொட்டு சிந்தாது என்று பேச்சு. யாரும் டீ டம்ளரோடு இறங்கிப் பார்த்ததில்லை. ஆனாலும் பேச்சு பேச்சுதான்.

ஃபாக்டரி ஆட்களும் சுரங்கத்து ஆட்களும் பொதுவாக ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போய் மொய் எழுதுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஃபாக்டரிக்காரர்களுக்கு வெள்ளைச் சட்டை கர்வம். சுரங்கத்துக்காரர்களுக்கு 'நாங்க இல்லன்னா ஊரே இல்ல' என்கிற கர்வம். முனுசாமியும் சாம்ராஜும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அந்த ஃபியட். அதோடு முனுசாமியின் மனைவி பத்மாவும் சுரங்கத்து வீட்டுப் பெண்தான். அவள் தம்பி ஹரிஷ் நந்திதுர்க்கில் டிம்பர்மேன், சுரங்கத்துக்குள் மரச்சட்டம் முட்டுக் கொடுக்கிறவன். தினமும் சாம்ராஜ் இறக்குகிற அதே கூண்டில்தான் கீழே போகிறான். இதை இங்கே சொல்லிவைப்பது நல்லது.

மூன்றாவது தோல்விக்கு மறுநாள் சாம்ராஜ் மனைவி ஃப்ளோராவோடு வந்தார். வாசலில் சக்கரம் கழற்றிய கார் செங்கல்லின் மேல் நின்றது. முனுசாமி ஏற்கெனவே அதன் அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"அண்ணே, வெளிய வாங்க. காருக்கு இன்னா, காய்ச்சலா? பக்கத்துலயே படுத்துகினு இருக்கீங்க" என்றாள் ஃப்ளோரா.

முனுசாமி வெளியே வந்தார். மூக்கில் கிரீஸ்.

"பெடல் அப்படியே தரைக்குப் போயிடுச்சி மச்சான்," என்றார் சாம்ராஜ். "மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பஞ்சு மாதிரி உள்ள போவுது. மூணாவது வளைவுல நேரா வைக்கோல் கட்டுக்குள்ள போய் நின்னேன்."

"ஆயில் கொதிச்சிட்டிருக்கு. டிரம் பிரேக்குக்கு அவ்ளோ சூடு தாங்காது."

"தாங்காதுன்னு போன வருஷமும் சொன்ன."

"போன வருஷம் லைனிங்க மாத்துனேன். அதுக்கு முன்ன டிரம்முல காத்துக்கு ஓட்டை போட்டேன்."

"அடுத்த வருஷம் ஓட்டையில பூ வைக்கப் போறாரு," என்று பத்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

சாம்ராஜ் சிரிக்கவில்லை. "பழைய வண்டிங்களுக்குத் தனி ரேஸ் அடுத்த வருஷத்தோட சரியாம். அதுக்கப்புறம் எல்லாம் புது வண்டிதான்னு சொல்லிட்டாங்க. கடைசி தடவை. வேணும்னா வேற டிரைவர் பாத்துக்கோ. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

வருத்தமில்லை என்று சொல்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று தெருவுக்கே தெரியும். முனுசாமி துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "டிரைவர் நீதான். பிரேக் என்னோடது. கொடி காட்டற வரைக்கும் நிக்கற பிரேக் நான் குடுக்கறேன்" என்றார்.

சொல்லும்போது எதிர்வீட்டுப் பார்வதம்மா ஜன்னலில் நின்றிருந்தாள். ஆகவே சாயங்காலத்துக்குள் அது சபதமாகி, ஆண்டர்சன்பேட் வரை போய்விட்டது.

அந்த வருஷம் முனுசாமி ஃபியட்டின் முன்சக்கரங்களில் மூடிய கிண்ணம் போன்ற டிரம்மைத் தூக்கி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக் வைப்பது என்று முடிவு செய்தார். சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு இரும்புத் தட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடு. காற்று படும், சூடு சீக்கிரம் இறங்கும். ஆனால் இருபத்தைந்து வருஷத்துக் காருக்கு டிஸ்க் யார் வைத்திருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் ரயில் ஏறினார். சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் பிந்தைய மாடல் காரிலிருந்து கழற்றிய டிஸ்க்குகளை ஸ்கேல் வைத்து அளந்து, தட்டிச் சத்தம் கேட்டு, கடைக்காரர்கள் 'தக்காளியா வாங்கறீங்க?' என்று கேட்கும்வரை பொறுக்கினார். அதைப் பழைய அச்சில் பொருத்த ஒரு தாங்குபலகை வேண்டும். அதை டம்பருக்குச் செய்கிற பழக்கத்தில் அரை விரல் கனத்துக்குச் செய்துவிட்டார். பிறகு அதுவே அதிக எடை என்று ராவி ராவி இளைக்க வைத்தார்.

பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு குட்டி வால்வு உண்டு. டிரம் பிரேக்குக்காக ஆயிலில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. பேடு தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். முனுசாமி அந்த வால்வைப் பிடுங்கி எடுத்த அன்று, காது குத்திய பிள்ளையைக் காட்டுவதுபோல அதைப் பத்மாவிடம் காட்டினார்.

"இதுதான். இது மட்டும் உள்ள இருந்துச்சின்னு வை, டிஸ்க்கு கருகிடும்."

"இத்துனூண்டா? இதுக்கா என் இட்லிப் பாத்திரத்துல டீசல் ஊத்துனீங்க?"

ரேஸ் நடத்துகிறவர்கள் அந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் போட்டார்கள். பழைய வண்டிகளிலும் பின்னால் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும். ஃபியட்டின் பிரேக் விளக்கு செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எடை குறையட்டும் என்று முனுசாமியே அந்த வயர்களை உருவிப் போட்டிருந்தார். இப்போது பிரேக் பெடலிலேயே ஒரு புது சுவிட்ச் வைத்தார். எறும்பு மிதித்தாலும் எரிகிற மாதிரி நுணுக்கமாக வைத்தார். எதையும் நுணுக்கமாகச் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலையில் பேத்தமங்களா ரோட்டில் சோதனை ஓட்டம். ஏரிப்பக்கம் போகிற நீளமான ரோடு. கூட்டம் இருக்காது. முனுசாமி ஓட்டிப் பார்த்தார். பிரேக் கல் மாதிரி நின்றது. சாம்ராஜிடம் கொடுத்தார். சாம்ராஜ் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, இறங்கியபோது முன்சக்கரத்திலிருந்து மெல்லிய ஒரு கோடு மேலே எழுந்தது.

புகை.

"பெடல் கொஞ்சம் மெத்துனு ஆவுது மச்சான்" என்றார் சாம்ராஜ், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

முனுசாமி ஜாக்கியை எடுத்து வைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். பேடின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. ஓங்கி மிதித்த பேடு சொரசொரப்பாகத் தேயும். இது லேசாக, ரொம்ப நேரம், விடாமல் உரசிய பேடு. எங்கேயோ பிரேக் முழுசாக விடவில்லை. வால்வைத்தான் எடுத்தாகிவிட்டதே? பிஸ்டன் ஒட்டுகிறதா? குழாய் நசுங்கியிருக்கிறதா? ஒரு வாரம் முழுக்க எல்லாவற்றையும் பிரித்தார், மாற்றினார், சேர்த்தார். அவர் ஓட்டினால் சூடே இல்லை. சாம்ராஜ் ஓட்டினால் புகை. கடைவீதியில் இதற்குள் ஒருவர், காருக்குப் பேய் பிடித்திருக்கிறது, பழைய ஓனர் செத்துப்போனவராமே என்று ஆரம்பித்திருந்தார். பழைய ஓனர் பெங்களூரில் நன்றாகவே இருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை பார்வதம்மா தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். அவளுக்குப் பேத்தமங்களாவில் கொஞ்சம் நிலம். வாரம் தவறாமல் பஸ்ஸில் போய் வருவாள். நிலத்தைப் பார்ப்பதைவிட ஜன்னல் வழியாக மற்றவர்கள் நிலத்தைப் பார்ப்பதுதான் அதிகம் என்பார்கள்.

"ஏம்பா முனுசாமி, புதுசா லைட்டு போட்டியே, கரெண்டு யாரு அப்பன் வூட்டுது? அணையவே மாட்டேங்குதே!"

"எந்த லைட்டும்மா?"

"பின்னாடி செவப்பு லைட்டு. நேத்து எங்க பஸ்ஸுக்கு முன்னாடிதான் போனாரு உங்க சாம்ராஜு. நேரான ரோடு, ஒரு எரும கூட குறுக்க இல்ல. போறப்பவும் எரியுது, திரும்பி எதுக்க வர்றப்ப நான் பின் ஜன்னல்ல எட்டிப் பாக்கறேன், அப்பவும் எரியுது. கண்டக்டர்கூட 'நோடும்மா, பாரு'ன்னு காட்டறான்."

சுவிட்ச் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார் முனுசாமி. போய்ப் பார்த்தார். சுவிட்ச் சரியாக இருந்தது. காலை வைத்தால் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. மறுபடி வைத்தார், எடுத்தார். பிறகு பெடலைப் பார்த்தபடி ரொம்ப நேரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பத்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு சாம்ராஜை ஓட்டச் சொல்லிவிட்டு, அவர் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நின்றார். ஃபியட் இரைச்சலோடு தாண்டிப் போனது. நேரான ரோடு. எருமை இல்லை. பின்னால் இரண்டு சிவப்புப் பொட்டு, சின்னதாகிக்கொண்டே போய், கண்ணுக்குத் தெரிகிறவரை எரிந்துகொண்டே இருந்தது.

கியர் மாற்றி கிளட்சை விட்டதும் சாம்ராஜின் இடது கால் சும்மா கீழே கிடக்கவில்லை. பக்கத்து பெடலின் மேல், பிரேக்கின் மேல், போய் உட்கார்ந்துகொள்கிறது. மிதிப்பதில்லை. தொட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்று வருஷம்! மூன்று வருஷமாக அவர் மாற்றிய லைனிங், போட்ட ஓட்டை, பிடுங்கிய வால்வு, ஏறிய பெங்களூர் ரயில் எல்லாம் முனுசாமியின் கண் முன்னால் வந்து நின்று பல்லை இளித்தன. அவர் பிரேக் நல்ல பிரேக். முதல் நாளிலிருந்தே நல்ல பிரேக். மரத்தடியிலேயே ஓங்கிக் கத்தவேண்டும் போலிருந்தது. கேன்டீனில் அந்த மூக்கு உறிஞ்சிகளைக் கூப்பிட்டு வைத்துச் சொல்ல வேண்டும். சாம்ராஜ் திரும்பி வந்து இறங்கியதும் வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் சாம்ராஜ், "ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு டைம் ஆச்சி மச்சான், ரிலீவர் லீவு" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

ரிலீவருக்குப் பதிலாக டபுள் ஷிப்ட் பார்த்த சாம்ராஜை அதன் பிறகு தனியாகப் பிடிக்கவே முடியாமல், சொல்வது ஆயுத பூஜை வரை தள்ளிப்போனது. அதுவும் நல்லதாகவே போயிற்று.

ஆயுத பூஜையன்று வைண்டிங் எஞ்சின் வீட்டுக்குள் குடும்பங்களை விடுவார்கள். மற்ற நாளில் ஓட்டுகிறவரோடு பேசக் கூடாது என்று கதவிலேயே போர்டு தொங்கும். அன்று மட்டும் யந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பூசணிக்காய். சாம்ராஜ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் யந்திரத்துக்குப் பூஜை செய்கிற நாளில் அவர்தான் முதலில் குளித்துவிட்டு வந்து எண்ணெய்த் துணியோடு நிற்பார். ஃப்ளோரா பொரி கடலையைப் பொட்டலம் போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். முனுசாமி முதல் தடவையாக உள்ளே வந்திருந்தார். இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்தும் ஃபாக்டரிக்காரர்களுக்குச் சுரங்கம் என்பது சங்குச் சத்தம்தான்.

பூஜை முடிந்த கையோடு மணி அடித்தது. விடுமுறை நாளானாலும் கீழே தண்ணீர் இறைக்கிற பம்ப் ஆட்கள் இறங்கியாக வேண்டும். பம்ப் இருக்கிற இடத்தில் மரச்சட்டம் ஒன்று ஆடுகிறது என்று ஹரிஷையும் அன்று கூப்பிட்டிருந்தார்கள். கூண்டுக்குப் போகிற வழியில் அவன் கதவில் எட்டிப் பார்த்து, "மாமா, பொரி எனக்கு எடுத்து வையி" என்று முனுசாமியிடம் சொல்லிவிட்டுப் போனான்.

சாம்ராஜ் ஸீட்டில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டிருந்த கூட்டம் தானாக அடங்கியது. மறுபடி மணி. ராட்சத உருளை மெதுவாக அசைந்து, வேகம் எடுத்து, இரும்புக் கயிறு அதிலிருந்து வழுக்கி வழுக்கிக் கூரை வழியே வெளியே ஓடியது. கூண்டு அங்கிருந்து தெரியாது. ஆட்கள் தெரியமாட்டார்கள். எதிரே ஒரு பெரிய வட்டத்தில் ஒரு முள் மட்டும் கூண்டின் ஆழத்தைக் காட்டியபடி லெவல் லெவலாக இறங்கியது.

முனுசாமி முள்ளைப் பார்க்கவில்லை. சாம்ராஜின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கை பிரேக் நெம்புகோலின் மேல் இருந்தது. இறுக்கவில்லை, விடவும் இல்லை. தூங்குகிற குழந்தையின் நெஞ்சில் கை வைத்திருப்பதுபோல, கீழே கூண்டு எவ்வளவு ஆழம் போனாலும் அது நெம்புகோலை விட்டு நகரவில்லை. கடைசியில் முள் நின்றது எப்போது என்றே தெரியவில்லை. கீழேயிருந்து மணி வந்தது. இறங்கிவிட்டார்கள்.

சாம்ராஜ் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கீழ இருக்கறவங்கள நான் பாக்க முடியாது மச்சான். இந்தக் கைதான் பாக்குது. ஒரு தடவ முழுசா விட்டுட்டன்னு வை, மறுபடி புடிக்கறப்ப ஒரு வெட்டு வெட்டும். மேல நமக்கு அது ஒண்ணுமே இல்ல. கீழ நிக்கறவனுக்கு முழங்கால் போயிடும். எனக்குக் கத்துக்குடுத்தவரு மொத நாளே சொல்லிட்டாரு, கைய எடுக்காதன்னு. எடுத்ததில்ல."

முனுசாமி பொரிப் பொட்டலத்தைப் பிடித்தபடி நின்றார். ஹரிஷுக்காக எடுத்து வைத்தது.

அன்று சாயங்காலம், ஹரிஷும் வேலை முடிந்து மேலே வந்த பிறகு, பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப உங்க பிரேக்கு மேல தப்பே இல்ல?"

"இல்ல."

"அட கர்மமே! ஊரெல்லாம் புகை புகைன்னு சிரிச்சிகினு கெடக்குது. போயி அந்த ஆளுகிட்ட சொல்லுங்க, 'யோவ், கால எடுய்யா'ன்னு. ஒரு வார்த்தை. காரும் ஓடும், உங்க பேரும் நிக்கும்."

"சொன்னா எடுத்துடுவான்."

"எடுக்கட்டும்! அதுக்குத்தானே சொல்றது?"

"அவன் சும்மா எடுக்க மாட்டான், பத்மா. எதையும் முழுசாத்தான் செய்வான். தினம் காலையில ரோட்டுக்கு வந்து, தொடாம ஓட்டறது, விட்டுட்டு விட்டுட்டுப் புடிக்கறது, அப்படியே பழகிப் பழகி ஒடம்புல ஏத்திக்குவான். ஏத்திகினு அங்கருந்து நேரா போயி வைண்டிங் எஞ்சின்ல உக்காருவான்." முனுசாமி நிறுத்தினார். "கையில இருந்துதான் அது காலுக்கு வந்திருக்கு. கால்ல இருந்து கைக்குப் போவாதுன்னு நான் முத்திரை குத்த முடியுமா?"

பத்மா முறத்தை மறுபடி எடுத்தாள். ஆனால் புடைக்கவில்லை. அவள் தம்பி பின்கட்டில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான். அவன் கடிக்கிற சத்தம் இங்கே கேட்டது.

"போவாமயும் இருக்கலாம் இல்ல?" என்றாள்.

"இருக்கலாம்."

"கொடி காட்டற வரைக்கும் நிக்குன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டீங்க."

"ஆமா."

"பார்வதம்மா வேற கேட்டுட்டா."

அதுதான் உண்மையிலேயே பெரிய சிக்கல் என்பதுபோல இருவரும் கொஞ்ச நேரம் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார்கள்.

முனுசாமிக்கு ஒரு குணம். டம்பரின் பிரேக் ஓட்டுகிறவர் காலுக்குக் கனமாக இருக்கிறது என்று புகார் வந்தால், அவர் ஒருபோதும் ஓட்டுகிறவரைத் திட்டமாட்டார். பெடலின் நீளத்தை மாற்றுவார். ஆள் வந்தது வந்தபடி இருப்பான், இரும்பைத்தான் வளைக்கலாம் என்பது ஃபாக்டரியில் அவர் கொள்கை. மூன்று வருஷமாக இந்த ஒரு காரில் மட்டும் அந்தக் கொள்கை அவருக்கு மறந்துபோயிருந்தது. பார்த்ததெல்லாம் இரும்பைத்தான். ஆளைப் பார்க்கவே இல்லை.

பொங்கலுக்கு முன்னால் அவர் காரின் தரையில், கிளட்ச் பெடலுக்கும் இடப்பக்கம், இன்னொரு பெடல் வைத்தார். பிரேக் பெடலைப் போலவே அதே அகலம், அதே ரப்பர். பின்னால் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்குக்காகத்தான் அதிகம் மெனக்கெட்டார். மெத்தென்று கொஞ்சம் உள்ளே போய், பிறகு காலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று கடினம், ஒன்று தளர்வு, இன்னொன்று கீச்சென்று கத்தியது. கடைசியில் ஒரு ஸ்பிரிங் சரியாக அமைந்தது. பெடலிலிருந்து குழாய் எதுவும் போகவில்லை. கம்பி எதுவும் போகவில்லை. தரைத் தகட்டோடு அதன் உலகம் முடிந்தது.

எல்லாம் முடிந்ததும் ஃபாக்டரியிலிருந்து ஒரு நாளைக்கு எடுத்து வந்த எஃகு முத்திரையை அந்தப் பெடலின் ஓரத்தில் வைத்து ஒரு தட்டு தட்டினார். ஒரு வேலையும் செய்யாத சாமானுக்கு அவர் முத்திரை குத்தியது அதுதான் முதல் தடவை.

சாம்ராஜ் வந்து காருக்குள் குனிந்து பார்த்தார்.

"இது இன்னா மச்சான், நாலாவது?"

"பிரேக் அழுத்தத்த சமமா வெச்சிக்கறதுக்கு. புது ஏற்பாடு." முனுசாமி பொய் சொல்லும்போது காது சிவக்கும். அதற்காகவே கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். "கிளட்ச விட்டதும் இடது கால இதும்மேல வெச்சிக்கோ. மிதிக்க வாணாம். சும்மா தொட்டுகினு இரு. ரேஸ் முழுக்க எடுக்கக் கூடாது."

"எடுக்கக் கூடாதா?"

"எடுக்கவே கூடாது."

சாம்ராஜ் ஸீட்டில் உட்கார்ந்து அதன்மேல் காலை வைத்துப் பார்த்தார். ஒரு தடவை அழுத்தினார். விட்டார். முனுசாமியை ஒரு மாதிரி பார்த்தார். "சரி" என்றார்.

ரேஸ் அன்று ட்ராக்கில் வெயில் கொளுத்தியது. பழைய வண்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் புதுக் கார்க்காரப் பையன்கள் கூலிங் கிளாஸோடு நின்று, பொருட்காட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். முனுசாமி கம்பி வேலியோரம் நின்றார். கூட வந்திருந்த ஹரிஷ் கடலை உரித்து உரித்து அவர் கையில் வைத்தான். அவர் தின்னவில்லை. கை நிறையக் கடலையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கொடி இறங்கியது. முதல் சுற்றில் ஃபியட் எட்டாவதாகப் போனது. முனுசாமி எண்ணைப் பார்க்கவில்லை. பின்பக்கத்தைப் பார்த்தார். நேர்ப்பாதையில் இரண்டு விளக்கும் அணைந்திருந்தன. வளைவு வந்ததும் சிவப்பாக ஒரு வெட்டு எரிந்தது, அணைந்தது. அடுத்த வளைவில் மறுபடி. பார்வதம்மாவை பஸ்ஸோடு கூட்டி வந்து காட்டவேண்டும் போலிருந்தது அவருக்கு.

பாதி ரேஸ் தாண்டியது. போன வருஷம் வைக்கோல் கட்டுக்குள் போன அதே மூன்றாவது வளைவு. ஹரிஷ் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டான். ஃபியட் வந்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் விளக்கு எரிந்தது. கார் மூக்கைத் தாழ்த்தி, வளைந்து, ஒரு ஹெரால்டு காரை உள்பக்கமாகத் தாண்டி வெளியே வந்தது. புகை இல்லை.

கட்டமிட்ட கொடியின் கீழ் ஐந்தாவதாக வந்தது. ஐந்தாவது இடத்துக்கு ஒரு கோப்பையும் கிடையாது. மைக்கில் பேரைக்கூடத் தப்பாகத்தான் சொன்னார்கள். ஹரிஷ் வேலியைத் தாண்டி ஓடினான். முனுசாமி போய் முதலில் செய்த காரியம், முன்சக்கரத்தின் அருகே கையை வைத்துப் பார்த்ததுதான். சூடாக இருந்தது. எவ்வளவு சூடாக இருக்கவேண்டுமோ அவ்வளவு.

திரும்பும்போது காரை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி, ஹரிஷ் முன்னால் லாரி டிரைவரோடு உட்கார்ந்துகொள்ள, இவர்கள் இருவரும் பின்னால் காரின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். லாரி ராணிப்பேட்டையைத் தாண்டியது. சாம்ராஜ் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "அந்தப் பெடலு எங்கயும் போவல" என்றார்.

முனுசாமி கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தார். அது சரியாகவே இருந்தது.

"எப்ப தெரிஞ்சிச்சி?"

"நீ வெச்ச அன்னிக்கே. கார்ல குனிஞ்சனே, அப்பவே. நான் மெஷின் ஓட்டறவன்யா. எது இழுக்குது, எது சும்மா ஆடுதுன்னு தெரியாதா?"

"அப்புறம் எதுக்குக் கால வெச்ச?"

"நீ எடுக்காதன்னு சொன்னியே." புகையை விட்டார். "மொதல்ல எனக்கு ஒண்ணும் வெளங்கல. இன்னாத்துக்கு இந்த ஆளு பொம்ம பெடல் வெச்சி, துண்ட வேற சுத்திகினு பொய் சொல்றான்னு நெனச்சேன். ரெண்டாவது சுத்துலதான் தெரிஞ்சிச்சி. கால் பாட்டுக்கு அதும்மேல போயி உக்காந்துகிச்சி. ஓஹோ, இதுக்கு முன்ன இது எங்க உக்காந்துகினு இருந்திச்சின்னு யோசிச்சேன்." பீடிச் சாம்பலைத் தட்டினார். "மூணு வருஷம் மச்சான். ஏன்யா என்கிட்ட சொல்லல?"

முனுசாமிக்கு நீளமாகப் பேச வராது. "ஆயுத பூஜைக்கு வந்தேன் இல்ல" என்றார்.

சாம்ராஜ் அவரைப் பார்த்தார். பிறகு முன்னால், லாரியின் கண்ணாடி வழியாகத் தெரிந்த ஹரிஷின் தலையைப் பார்த்தார். டிரைவரிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தான், ரேஸ் கதையாகத்தான் இருக்கும். சாம்ராஜ் தன் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல. அதன் பிறகு ஊர் வந்து சேரும்வரை இருவரும் மழை, மாட்டு விலை தவிர வேறெதையும் பேசவில்லை.

செய்தி அவர்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டிருந்தது. மறுநாள் ஷிப்டுக்கு முன்னால் ஊரிகம் ஸ்டேஷன் அருகே டீக்கடையில் சுரங்கத்து ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கூண்டுக்குப் போகவேண்டியவர்கள். முனுசாமியும் சாம்ராஜும் வந்ததும் இடம் விட்டார்கள். பார்வதம்மாவும் அங்கேதான் நின்றிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். அந்தப் பக்கம் அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது.

"வாப்பா முனுசாமி!" என்றார் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இருக்கிற ஒரு மேஸ்திரி. "கடைசியில பிரேக்கு நின்னுச்சாமே! அப்போ இத்தன வருஷமா தப்பு உன் பிரேக்குலதான்னு ஆயிடுச்சி இல்ல? நாங்க கரெக்டாதான் சொல்லிகினு இருந்திருக்கோம்."

கூட்டம் சிரித்தது. சாம்ராஜ் டம்ளரை மேஜையில் வைத்தார். முகம் கறுத்துவிட்டது. "ஏய், சும்மா இருப்பா. தப்பு பிரேக்குல இல்ல. என்..."

"ஆமாங்க," என்றார் முனுசாமி, அவர் வார்த்தையின் மேலேயே ஏறி. "பிரேக்குலதான்."

சாம்ராஜ் திரும்பிப் பார்த்தார். முனுசாமி அவரைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டும் விளக்குமாக நிற்கிற அந்த ஆட்களைத்தான் பார்த்தார். இவர்கள் இன்றும் சாம்ராஜின் இடது கையை நம்பி இறங்குவார்கள். அந்தக் கையைப் பற்றிக் கடைவீதியில் ஒரு ஜோக் பிறந்தால், அது கூண்டுக்குள்ளும் இறங்கும். இருட்டில், ஆழத்தில், யாராவது ஒருவன் அதை நினைப்பான். சாம்ராஜும் நினைப்பார்.

"அப்படி இன்னா தப்புப்பா பண்ணிகினு இருந்த, இத்தன வருஷமா?" மேஸ்திரி விடுவதாக இல்லை.

முனுசாமி டீயை ஊதினார்.

"ஒரு பெடல் கம்மியா வெச்சிருந்தேன்" என்றார்.

சிரிப்பு தெரு முனைவரை கேட்டது. 'புகை முனுசாமி' அன்றோடு போய், 'நாலு பெடலு' என்று புதுப்பெயர் வந்தது. அது அவர் ரிட்டையர் ஆகும்வரை நிலைத்தது. சங்கு ஊதியது. ஆட்கள் டம்ளர்களை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். சாம்ராஜ் கடைசியாகப் போனார். போகிற வழியில் இடது கையால் முனுசாமியின் தோளை ஒரு கணம் தொட்டார். அழுத்தவில்லை.

பார்வதம்மா மட்டும் நின்றாள்.

"அது சரி முனுசாமி, நேத்து லாரியில இருந்து எறக்கி ஓட்டிகினு வந்தீங்களே, பாத்தேன். அந்த செவப்பு லைட்டு இப்ப எரியவே மாட்டேங்குது. அதையாவது ஒழுங்கா ரிப்பேர் பண்ணக் கூடாதா?"